சின்னவள் திறந்த இரண்டு பூட்டுகள்

என் செல்ல மூத்த மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்ற தெம்பில்தான் எங்கள் பொழுது ஓடுகிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் தங்கை போனைப் பிடுங்கி "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, அப்பா சும்மா அளக்குறாரு" என்று பாதியில் முடித்துவிடுவாள்.

போன வாரம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள் என்று அவள் வேலை பார்க்கும் காது கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பையோடு கணவர். அவள் காது மெஷின் திடீரென்று கெட்டுப்போய்விட்டது. புது மெஷின் வந்துவிட்டது, ஆனால் அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து அவள் காதுக்கு ஏற்றபடி சத்தத்தைச் சரிசெய்தால்தான் பயன்படும். சாயங்காலமே அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். "புள்ள முதல்ல அழுறது எனக்குக் கேக்கணும், அவ்வளவுதான்" என்றாள், தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவார்களே, அப்படி உரக்க.

சின்னவள் எல்லாம் பார்த்து முடித்துச் சேமிக்கப் போனால், 'அனுமதி இல்லை' என்கிறது கம்ப்யூட்டர். முந்தின நாள் புது ஆன்டிவைரஸ் போட்டவர்கள், இவள் தினமும் நுழையும் கணக்கின் அதிகாரத்தையும் குறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆன்டிவைரஸைத் திறந்தால் அங்கேயும் நிர்வாகியைக் கேள் என்கிறது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அணைத்துப் போடுவது, அதைச் சொன்னேன், முறைத்தாள். மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டால் அந்தத் தம்பி, "மேடம், ஆன்டிவைரஸையே தூக்கிடுங்க" என்றார். வெளியூரில் இருந்த பெரிய டாக்டரும் நிர்வாகி பாஸ்வேர்டைச் சொல்லி, "உன் கணக்குக்கே எல்லா அனுமதியும் குடுத்துடும்மா" என்றுவிட்டார். கணவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். இவளோ, "இல்ல சார், இதுல இருக்கறது எல்லாரும் நம்மள நம்பிக் குடுத்த விவரம். எந்தக் கதவு வேணுமோ அத மட்டும் தொறக்கறேன்" என்று போனில் டாக்டரிடம் நிதானமாகச் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நிர்வாகியாக நுழைந்து, ஆன்டிவைரஸ் எதைத் தடுத்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, அது காது மெஷின் புரோகிராம்தான் என்று உறுதிசெய்துகொண்டு அதற்கு மட்டும் வழிவிடச் சொன்னாள். பழைய கணக்குக்குத் திரும்பி அழுத்தினால் மறுபடியும் 'அனுமதி இல்லை'! இவள் கை போனுக்குப் போனது, உனக்குத்தான். "அக்கா வேலையில இருப்பா" என்று தானே கீழே வைத்துவிட்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு பூட்டுப்பா, ஒண்ணுதான் தொறந்திருக்கு" என்றாள். ஆன்டிவைரஸ் விட்டுவிட்டது, ஆனால் விவரம் போய்ச் சேர வேண்டிய ஃபோல்டரில் எழுத அவள் கணக்குக்கு உரிமை இல்லையாம். மறுபடி நிர்வாகியாகப் போய் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் உரிமை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் சேமித்துக்கொண்டது!

மெஷினை மாட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் பின்னால் நின்று கணவர் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் சட்டென்று திரும்பி, "ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாள். கணவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, எனக்கும்தான்.

நேற்று அவரே கிளினிக்குக்குப் போன் செய்தாராம். ஆண் குழந்தை, முதல் அழுகை நன்றாகவே கேட்டதாம். இப்போது அவன் ஓயாமல் கத்துவதால் மெஷினை அவ்வப்போது கழற்றி வைக்கலாமா என்று அவள் கேட்கிறாளாம்.

வீட்டுக்கு வரும் வழியில் இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஏன் தடுக்குதுன்னு முதல்ல பாரு, அப்புறம் கைய வைனு அக்கா சொல்லிட்டே இருப்பாளே" என்றாள். அதனால் இதில் பாதிப் பெருமை உனக்கு, முழுப் பெருமை எனக்கு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும் கண்ணு. பல் டாக்டரிடம் போவதை இனியும் தள்ளிப்போடாதே, அம்மா தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் உன் அப்பா