சேவியர் அண்ணனின் சுண்டுவிரல்

என் சேவியர் அண்ணே,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வருகிறது. போனவரிடம் கேட்கிற கேள்வியா இது? உங்களை அடக்கம் செய்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இப்போதுதான் எழுதத் துணிந்தேன்.

ரங்கூனில் கிடார் தூக்குகிற பையன் ஒவ்வொருத்தனும் இப்போது நீங்கள்தான். பசுந்தாங் மரப்பட்டறையில் உங்கள் இடது சுண்டுவிரல் ரம்பத்தில் மாட்டி, மடங்கியபடியே நின்றுவிட்டது அல்லவா? மேல் சுரத்துக்கு அது எட்டாமல், மோதிர விரலாலேயே கம்பியை இழுத்துக் கீழிருந்து வழுக்கி ஏறுவீர்களே. கல்யாண வீடுகளில் ராக் அண்ட் ரோல் என்று நாம் முதலில் வாசித்தபோது, ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இழுப்புக்கு நின்று பார்த்தார்கள்.

அதைத்தான் இப்போது எல்லாரும் வாசிக்கிறார்கள். ஐந்து விரலும் நன்றாக இருக்கிற பையன்கள் சுண்டுவிரலை மடக்கிக்கொள்கிறார்கள், அண்ணே. மிங்கலாடோனிலிருந்து வருகிற ஒருத்தன் அது நிமிராமலிருக்கப் பிளாஸ்திரியே சுற்றியிருக்கிறான். நீங்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் மடக்குவது என்னைப் பார்த்து. உங்களுக்குப் பின்னால் ரிதம் கிடார் வாசித்த நான், நீங்கள் போனதும் உங்கள் இடத்தில் நின்று, உங்களைப் போலவே மடக்கி வாசித்தேன். உங்களை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான் தொடங்கினேன், சத்தியமாக. கைதட்டல் வந்தது, பழகிப்போனது.

போன மாதம் எஃப்.எம். ரேடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். "கோ செல்வராஜ், இந்த இழுப்பை எங்கே கற்றீர்கள்?" என்று நிகழ்ச்சி நடத்திய பெண், அண்ணன் என்கிற 'கோ' போட்டுப் பர்மியத்தில் கேட்டது. உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. "தானா வந்ததும்மா" என்று சொல்லிவிட்டேன். வெட்கங்கெட்டவன் நான். ஏன் அப்படிச் சொன்னேன்?

உங்களைப் பற்றிப் பேச்சு வரும் என்று உங்கள் வீட்டுக்காரம்மா மேரி அக்கா அண்டை வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு, ரேடியோ முன்னால் உட்காரவைத்திருந்தார்களாம். அக்கா அதைச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பர்மாக்காரம்மாதான் சொன்னார். பிறகு நான் உங்கள் வீட்டில் தலைகாட்டியபோது அக்கா வழக்கம்போல மீன்குழம்பும் நூடுல்ஸுமாக மொகிங்கா ஊற்றிக் கொடுத்தார்கள். கிண்ணத்தைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் செல்வம், ஒனக்குத்தான் அஞ்சு வெரலும் நல்லாருக்கே. எதுக்குப்பா மடக்குற? அவருக்கு அது வலி. மழை நாள்ல அந்த வெரலப் புடிச்சுக்கிட்டு அழுவாரு, தெரியுமா?"

தெரியாது, அண்ணே. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று வாசித்த எனக்கு அது தெரியாது. ஸ்டைல் என்றே நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால்தான் காது கொடுத்திருப்பேனா?

ரேடியோவில் திருத்திச் சொல்ல இன்னொரு வாய்ப்புக் கேட்டுப் பார்த்தேன், நிகழ்ச்சியில் இடமில்லை என்றார்கள். வருகிற ஞாயிறு கோயில் மண்டபத்தில் வாசிக்கிறோம், பையன்கள் எல்லாரும் வருவார்கள். கம்பியைத் தொடுவதற்கு முன்னால் எழுந்து, இது சேவியருடையது, ரேடியோவில் நான் சொன்னது பொய் என்று தமிழிலும் பர்மியத்திலும் சொல்வேன். அக்காவைக் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. அவர்கள் வராவிட்டாலும் சொல்வேன், அண்ணே.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
செல்வராஜ்