கோணலாக ஒட்டிய சீட்டுகள்

இன்று மதியம் முழுவதும், தேர்வுக்கு முன் நேராக ஒட்டுவதற்காக, புத்தகங்களில் நீ ஒட்டிய எண் சீட்டுகளை உரித்துக்கொண்டிருந்தேன். ஈரத் துணியை வைத்து ஊறவிட்டால் நகம் பட்டதும் வந்துவிடும் என்றார் மிஸ். அப்படியே வந்துவிட்டன. அவ்வளவு லேசாக வந்திருக்க வேண்டாம். செஞ்சியில் பஸ் ஏறி வல்லத்தில் இறங்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் மைதாப் பசை வாசனை போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் இதை எழுதுகிறேன்.

நூலக உதவியாளர் படிப்பில் நமக்குக் கொடுத்த முதல் வேலை அது. எல்லாப் புத்தகத்தின் முதுகிலும் ஒரே உயரத்தில் எண் சீட்டு ஒட்ட வேண்டும். நீ பேசிக்கொண்டே ஒட்டினாய். அடுக்கிப் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே.

"இன்னாம்மா இது, ராஜகிரிக் கோட்டை படிக்கட்டா?" என்றார் மிஸ்.

"ஏறிப் பாருங்க மிஸ், மேல காத்து சூப்பரா வரும்."

மிஸ்ஸே சிரித்துவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பள்ளியில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது, வகுப்பே சிரிக்கும். அதற்குப் பயந்துதான் ஒன்பதாவதோடு நின்றேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

அலமாரி சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பட்டியல் அட்டையைப் பார்த்து எண்ணைக் கூப்பிட வேண்டும். மற்றவர் புத்தகத்தைத் தேடித் தொட்டு, 'இருக்குது' என்று சொல்ல வேண்டும்.

"நான் கூவுறேன், நீ தேடுடி. ஒரே வார்த்த, அதுகூட வராதா ஒனக்கு?" என்றாய்.

வந்தது. நீ தொண்டூர் பஸ் கண்டக்டர் மாதிரி, "எட்டு ஒம்போது நாலு, ஏறு ஏறு" என்று கூவுவாய். நான் "இருக்குது" என்பேன். போகப்போக என் குரல் எனக்கே கேட்டது.

மழை பிடித்த ஒரு நாள் ஜுரத்தோடு சீக்கிரம் கிளம்பினாய். "என் எடத்துல எவளையும் ஒக்கார வெச்சுடாத" என்று பஸ் ஜன்னலிலிருந்து சொன்னாய். பிறகு ஆஸ்பத்திரி என்றார்கள். பிறகு மாலை வாங்கிக்கொண்டு உன் ஊர் தொண்டூருக்கு எல்லோரும் வேனில் போனோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாண்ட எதுனா சொல்லிச்சாம்மா?" என்று கேட்டார். ஜன்னலில் நீ சொன்னது நாக்கு வரைக்கும் வந்தது. இல்லை என்று தலையைத்தான் ஆட்டினேன். அவர் கையை விட்டுவிட்டு அடுத்தவளிடம் கேட்கப் போனார்.

நாளைக்குச் செய்முறைத் தேர்வு. என்னோடு வேறொருத்தியைச் சேர்த்திருக்கிறார்கள். "இந்தத் தடவ நீதான் கூப்புடணும். வாய் தெறக்கலனா நான் எப்புடி மார்க் போடறது?" என்றார் மிஸ். வீட்டில் சொன்னதற்கு நைனா திட்டவில்லை. "வரலனா உடும்மா. கம்பெனி வேன் நம்ம தெருவுக்கே வருது" என்றார். அங்கே பேச வேண்டாம், செருப்புக்குப் பசை தடவினால் போதும். அதுதான் எனக்குச் சரியோ என்று தோன்றுகிறது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். "எட்டு ஒம்போது நாலு." சத்தமாகவே வந்தது. பதிலுக்கு நீ 'இருக்குது' என்பாய் என்று நின்றேன். ஃபேன் மட்டும் ஓடியது. கூப்பிட வேண்டியவளும் நான், தேட வேண்டியவளும் நான். 'இருக்குது' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

எல்லாவற்றையும் நேராக ஒட்டிவிட்டேன். அடித்தட்டில், சுவரோரம் ஒரு புத்தகத்தை மட்டும் உரிக்கவில்லை. உன் சீட்டு கோணலாகவே இருக்கிறது. நாளைக்கு அந்த எண்ணும் வரும். கூப்பிட்டால் வேறொருத்தி அதைத் தொட்டு 'இருக்குது' என்பாள். மற்றதற்கெல்லாம் குரல் வந்தாலும், அதைக் கூப்பிட எனக்கு வராது.