மதியக் குழுவின் பாட்டில்

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் காலைக் குழுவுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு முடிந்தது. கார்பனேட் கரைசலுக்கு என் அளவீடு 24.9 மில்லி அமிலம். "இப்படித்தாம்மா வரணும்" என்றார் சார். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இந்த மதிப்பெண்ணும் சேரும்.

மேசையைத் துடைக்கும்போது ஒரு பீக்கரில் கரைசல் மிச்சம் இருந்தது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்ட வேண்டும், பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. முதல் நாளே சொல்லித் தந்தது. பெரிய சிக்கனக்காரி நான், வீணாகிறதே என்று சோடியம் கார்பனேட் பாட்டிலில் ஊற்றினேன். பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. பீக்கரில் இருந்தது கார்பனேட் இல்லை, அமிலம்! இரண்டும் பார்க்கத் தண்ணீர்தான். பீக்கரில் பெயர் எழுதச் சோம்பல்பட்டேன்.

அது மதியம் தேர்வு செய்யும் குழுவுக்கான பாட்டில். மூடியைத் திருகிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

மதியக் குழுவில் எல்லோருக்கும் 22.6 வந்திருக்கிறது. அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள், ஆகவே கரைசல்தான் தப்பு என்று முடிவு. கரைசல் தயாரித்தவர் ஆய்வக உதவியாளர். மூச்சை அடக்கிக்கொண்டு எடை போடுவதால் எங்களுக்கு அவர் 'தராசு அக்கா'.

"அந்த பாட்டிலுக்கு எடை சரியா போட்டீங்களா?" என்று சார் கேட்டார்.

"போட்டேன்னுதான் நெனைக்கிறேன் சார்."

நான் பக்கத்து மேசையில் குனிந்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அக்காவுக்குத் தற்காலிக வேலை. மாதக் கடைசியில்தான் நீட்டிப்பார்கள். இப்போது எதையும் மூன்று முறை எடை போடுகிறார். இன்று என்னைக் கூப்பிட்டு, "எவ்வளவு காட்டுதுன்னு படிச்சு சொல்லும்மா. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல" என்றார்.

படித்துச் சொன்னேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்ல? வாய தைச்சா வச்சிருக்கு? மதிப்பெண் ரத்தாகுமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கிட்டு நின்னேன் - சீ.

அம்மா வேறு ஃபோனில் சித்தியிடம் 24.9-ஐப் பீற்றிக்கொள்கிறாள். கிலோவா லிட்டரா என்று அவளுக்கே தெரியாது.

அக்டோபர் 1, புதன்

தராசுக்கு முன்னால் வேறு ஒருவர்.

அக்டோபர் 3, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன்.

"மூணு வாரமாவா?" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் மதிப்பெண் ரத்து. அக்காவின் வேலை? "ஆள் போட்டாச்சு. நான் எழுதிப் பாக்கிறேன்" என்றார்.

அக்டோபர் 4, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப நான் போட்ட எடை சரியா?"

"சரிதான்க்கா."

"பத்து புள்ளி ஆறு கிராம்?"

"ஆமாக்கா."

கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை? வேலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. உள்ளே போகும்போதுதான், "இத அங்க எல்லாருக்கும் சொன்னியா?" என்றார்.

இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டு குழுவையும் நிற்க வைக்கச் சொல்லி சாரிடம் கேட்டேன். பாட்டில், பீக்கர், குமிழ், மூன்று வாரம் எல்லாம் சொன்னேன். புது உதவியாளரும் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அந்த அக்கா எதுவும் தப்பா பண்ணலியா?" என்றாள் மதியக் குழுவில் ஒருத்தி.

"இல்ல. நான்தான்" என்றேன்.

இன்று என் மேசையில் நான் மட்டும்.