மருந்து கொடுக்காத கூண்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் புதிதாக வந்திருக்கும் பதினெட்டு எலிகளும் நலம், உன் நலத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் பத்தொன்பது பேருக்கும் நிம்மதி. பழைய எலிகள் என்னவாயின என்று கேட்காதே, பதினேழு வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் எலி பார்த்துக்கொள்பவனின் மகளுக்கு அது தெரியும்.

இந்தத் தடவை சர்க்கரை வியாதிக்கான சோதனை. எலிகளுக்கு ஊசி போட்டு வியாதியை வரவழைத்துவிட்டு, ஒரு கூண்டுக்குத் தினமும் ஏதோ கசப்பு இலையின் சாறு, இன்னொரு கூண்டுக்கு வெறும் தண்ணீர், இரண்டையும் ஒப்பிட்டால்தான் சாறு வேலை செய்கிறதா என்று தெரியுமாம். நடத்துகிறவள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பெண், உன் வயதுதான், எறும்பு குறுக்கே போனாலும் மணி போட்டு நோட்டில் எழுதுகிற ரகம். தண்ணீர்க் கூண்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வியாதி உண்டு மருந்து கிடையாது, மூன்று வேளை பாட்டிலை நிரப்பினாலும் குடித்துத் தீர்த்துவிட்டு மரத்தூளை நனைத்து வைத்திருக்கும். அதனால் தூள் மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முதுகைத் தடவிப் பேசிக்கொண்டிருப்பேன். வேறென்ன பேச்சு, உன்னைப் பற்றித்தான். உன் அம்மா போனபிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள், குக்கர்கூட மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆறாவது வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தால், சாறு குடித்த கூண்டில் சர்க்கரை இறங்கியிருக்கிறது, தண்ணீர்க் கூண்டிலும் இறங்கியிருக்கிறது. அந்தப் பெண் கருவியை மாற்றிப் பார்த்தாள், சாறு தப்பித்தவறி இதுக்கும் போயிடுச்சா அங்கிள் என்று என்னைக் கேட்டாள். இல்லம்மா, கையில எடுத்துக் கொஞ்சம் பேசுவேன், அதுவும் இந்தக் கூண்டோட மட்டுந்தான் என்றேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறும், கைபழகினதுக்கு ஏறாது, சாறாலதான் கொறஞ்சதுன்னு இப்ப எதோட ஒப்பிட்டு எழுதுவேன் என்றாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஆறு வாரம் வீண், இந்தப் புது எலிகளோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம், அவள் பட்டம் தள்ளிப்போகிறது. பாவம் பார்க்கப் போய்ப் பாவத்தைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது எலிகளைத் தூக்கக் கூடாது, பேசக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. நானும் வாயைத் திறக்காமல் தூள் மாற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இந்த வாரம் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாத நாள் மட்டும் நாலு. தனியாக இருக்கிறேன் அம்மாடி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, கால் நனைந்தால் உடனே துடைத்துக்கொள், கோபத்தில் யாருக்கும் பதில் எழுதாதே, அந்த விஷயத்தில் நீ என்னைக் கொண்டிருக்கிறாய். முதல் வரியில் நலம் என்று எழுதினேன், எலிகளைப் பொறுத்தவரை அது உண்மை. எனக்கு, அதுகளோடு பேசிக்கொண்டிருந்தவரை சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. இந்த மாதம் இருநூற்று எண்பது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கிருந்து மருந்து எதுவும் வாங்கி அனுப்பாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும்
அப்பா