கைதட்டப் போட்ட சிவப்புச் சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு ராய்ஸ் எழுதுவது. உன் மூச்சிரைப்பு இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். கல்லூரி ஃபுட்பால் ஸ்டேடியத்தில் பழைய பெஞ்சுகளைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

செவ்வாயன்று ஒரு வேடிக்கை. கம்பெனிக்காரர்கள் எங்களுக்கெல்லாம் அணியின் சிவப்புச் சட்டையை மாட்டி, பஸ்ஸில் ஏற்றிச் சட்டசபையில் நடந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேடியத்துக்கு அரசாங்கப் பணம் வேண்டும் என்று யார் பேசினாலும் நாங்கள் கைதட்ட வேண்டும். மதியம் வறுத்த கோழி.

எதிர்த்துப் பேச எழுந்தவர் நம் சர்ச்சில் பியானோ வாசிக்கும் மிஸ் வெர்லீன். “அந்தப் பணத்துல பத்துல ஒரு பங்கு குடுத்தாக்கூட எங்க ஊர் ஆஸ்பத்திரிய மூட வேண்டாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டார். “ராய்ஸ், நீ அங்கதானேப்பா பொறந்த? நல்லா தட்டு, உங்கம்மாவுக்குக் கேக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்தவர் பேசி முடித்ததும் கைதட்டினேன். பணம் ஸ்டேடியத்துக்கே கிடைத்துவிட்டது.

என் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. இங்கே குளிர், கனமாகப் போட்டுக்கொள்ள அந்தச் சிவப்புச் சட்டை ஒன்றுதான் இருக்கிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

மூச்சு முட்டினால் நீயே வண்டி எடுக்காதே, இனி ஆஸ்பத்திரி தூரம். மிஸ் வெர்லீனைக் கூப்பிடு. அவருக்குக் கோபம் என்மேல்தான், உனக்கென்றால் வருவார்.

ராய்ஸ்