அப்பா நுழைய வேண்டிய சதுரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் கப்பலில் தலைசுற்றல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். காரட் சீவும்போது அம்மாவின் வலது கைப் பெருவிரலில் வெட்டு விழுந்து கட்டுப் போட்டிருப்பதால், அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். கூட்ட வேண்டாம், ஆனால் கொஞ்சம் குறைக்கலாம் என்றார் அம்மா. நான் சம்மதிக்கவில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டுவதால் உனக்குப் பாதிச் செய்திதான் வந்திருக்கிறது. அந்தப் பாதியிலும் பாதி தப்பு. போன தடவை அப்பா மெலிந்துவிட்டார் என்று சொன்னோமே, அப்போது அவர் மெலியவே இல்லை.

விஷயம் இதுதான். அப்பா வழக்கமாகப் பழுது பார்க்கும் பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் லிஃப்டின் மோட்டார் அறை மொட்டை மாடிக்கும் மேலே இருக்கிறது. சுவரோடு பதித்த இரும்பு ஏணியில் ஏறி, கூரையில் உள்ள ஒரு சதுர ஓட்டை வழியாக உடம்பை மேலே தூக்கி நுழைய வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா அப்படித்தான் நுழைந்துகொண்டிருக்கிறார். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் நுழைந்தவர் இடுப்புக்கு மேல் மோட்டார் அறையிலும் இடுப்புக்குக் கீழ் ஏணியிலுமாக நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. லிஃப்ட் ஓடாததால் படியேறி வந்த குடித்தனக்காரர்கள் எல்லாரும் எப்போது சரியாகும் என்று அப்பாவின் கால்களிடம் விசாரித்துவிட்டுப் போனார்களாம். அப்பாவும் மேலே இருந்தபடியே, இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று மரியாதையாகப் பதில் சொன்னாராம். கடைசியில் அவருடைய கூட்டாளி மாமா ஓட்டையின் விளிம்பெல்லாம் கிரீஸ் தடவி, காலைப் பிடித்து இழுத்து இறக்கினார். இதை மாமா நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நடித்தே காட்டினார். அப்பா சிரிக்கவில்லை. ஏனென்றால் மேற்பார்வையாளர் காதுக்குச் செய்தி போய், அடுத்த மாதக் கடைசியில் அதே சதுர வாசலில் தன் கண் முன்னால் ஏறி நுழைந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இனிமேல் கீழ்த்தளத்து ஸ்டோரில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அந்த ஸ்டோர் என்றால் என்னவோ அவரையே அலமாரியில் வைத்துப் பூட்டுவது மாதிரி. அன்று சாயங்காலம் அவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அம்மா இதை எழுத வேண்டாம் என்கிறார்.

கம்பெனி மருத்துவர் அப்பாவின் சாயங்காலப் பொரித்த பண்டங்களை நிறுத்திவிட்டு, பசித்தால் பச்சைக் காய்கறி தின்னச் சொன்னார். நான் என்ன ஆடா என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து வந்துவிட்டார். ஆகவே காய் தொண்டையில் இறங்க வேண்டுமே என்று தொட்டுக்கொள்ள டிப் செய்வது என அம்மா முடிவெடுத்தார். நான் நூலகத்தில் இருந்து ஒரு சமையல் புத்தகம் எடுத்து வந்தேன். முதல் டிப் கொண்டைக்கடலையை வேகவைத்து, பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தது. புத்தகத்தில் எள் ஒரு சிட்டிகை, எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்று இருந்தது. அம்மா புத்தகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு பாட்டிலைச் சாய்த்தார். அது எவ்வளவு நேரம் சாய்ந்தே இருந்தது என்பதை நான் எழுதக் கூடாதாம். உயரத்தில் ஏறி வேலை செய்யும் மனுஷன், வறட்டு மாவைத் தின்றுவிட்டு மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று மட்டும் எழுதச் சொல்கிறார். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு காரட் துண்டை வைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் டிப்பையும் காலி செய்வார். காரட்டைக் கடிப்பதே இல்லை, அதைக் கரண்டியாகத்தான் வைத்திருந்தார். முடிந்ததும் அந்தக் காரட்டைக் கழுவி நாளைக்கு ஆகும் என்று ஃபிரிட்ஜில் வைத்த நாளும் உண்டு.

இதற்கிடையில் மாடி வீட்டு அத்தை வாஷிங் மெஷின் வாங்கிய அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பிரித்து, மோட்டார் அறை வாசலின் அளவுக்கு அப்பா நடுவில் ஒரு சதுரம் வெட்டினார். ஞாயிறுதோறும் நான் நாற்காலி மேல் ஏறி நிற்பேன், அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார், நான் அட்டையை அவர் தலைவழியாகச் சட்டை மாட்டுவது போல் கீழே இறக்க வேண்டும். முதல் ஞாயிறு அது தொப்பைக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. கழற்றவும் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் வீட்டுக்குள் அப்படியே நடந்தார், வாசற்படிகளில் பக்கவாட்டில் போனார். அம்மா காரட் தட்டையும் டிப் கிண்ணத்தையும் கொண்டுவந்து அவரைச் சுற்றியிருந்த அட்டை மேலேயே வைத்தார். வசதியாகத்தான் இருக்கு என்று அப்பா சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அத்தை மின்கட்டண ரசீதோடு உள்ளே வந்து, யாரோ மேசையில் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், மேசையே மனுஷனாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வாரத்துக்கு வாரம் அட்டை சுலபமாக இறங்கியது. மூன்றாவது ஞாயிறு நேராகக் காலடியில் போய் விழுந்தது. அப்பா அட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார், அன்றைக்குத்தான் நீயும் போன் பண்ணினாய்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அப்பாவின் பெல்ட் அதே ஓட்டையில்தான் இருந்தது. பள்ளிக்கூட ஜியாமெட்ரி ஸ்கேலை எடுத்து அட்டைச் சதுரத்தை அளந்தேன். அது சதுரமாகவே இல்லை. ஓரமெல்லாம் நைந்து மடங்கி, மூலைகள் கிழிந்து, கிழிந்த இடங்களை அப்பாவே அக்கறையாக டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு பக்கமும் என் நான்கு விரல் அகலத்துக்குப் பெரிதாகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தொப்பை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வழி செய்துகொண்டிருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போதுதான் மனுஷன் இரவில் தூங்குகிறார், சொல்ல வேண்டாம் என்றார். மாதக் கடைசி வாசல் இரும்பு அம்மா, அது மடங்காது என்றேன். அம்மா அடுப்படிக்குப் போனார். அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை வைத்துவிட்டு, ரொம்ப சாதாரணமாக, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"அட்டைதாங்க பெருத்துப் போச்சு. நீங்க அப்படியேதான் இருக்கீங்க."

அப்பா கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு இந்த டிப்பில் என்னதான் போடுகிறாய் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். புத்தகத்தின் பின்பக்கத்து அட்டவணையை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு கிண்ணம் அவர் விட்டுவிட்ட பொரித்த உருளைக்கிழங்குத் தட்டைவிடக் கொழுப்பு அதிகம் என்பதையும் சொன்னேன். ஆக, நான் மெனக்கெட்டுக் காரட்டைப் பிடித்துக்கொண்டு குண்டாகவே இருந்திருக்கிறேன் என்றார் அப்பா. அதற்கு எங்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அவரும் சிரித்தார், ஆனால் அந்த இரவு மறுபடி செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் பிளைவுட் பலகையில் சதுரம் அறுத்து, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். அம்மா எண்ணெய் பாட்டிலை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்தது சாதாரணப் போர் அல்ல அண்ணா. கொழுப்பு நீக்கிய தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, துருவிய வெள்ளரிக்காயைப் பிழிந்து போட்டு, புதினாவும் பூண்டும் சேர்த்தால் ஒரு டிப். தயிரைக் கட்டித் தொங்கவிட இடமில்லாமல் அம்மா அதை உன் அறைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டார், கதவைத் திறந்தால் மூட்டை இடிக்கும். கத்தரிக்காயைச் சுட்டுத் தோலை உரித்து எலுமிச்சை பிழிந்து மசித்தது ஒன்று. பூசணிக்காயை நெருப்பில் வாட்டி, மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துப் போட்டு மசித்தது ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் அருமை, எண்ணெயே இல்லாமல் எப்படி இவ்வளவு வழவழப்பாக வருகிறது என்று அம்மாவே ஆச்சரியப்பட்டார். ஒரு துண்டை ஒரு தடவைதான் தொட வேண்டும், நுனியில்தான் தொட வேண்டும், தொட்ட துண்டைத் தின்றுவிட வேண்டும் என்பது சட்டம். அப்பா சட்டத்தில் ஓட்டை தேட ஆரம்பித்தார். திடீரென்று காலிஃபிளவர் ரொம்பப் பிடிக்கும் என்றார், பார்த்தால் அந்தப் பூவுக்குள் டிப் உள்ளே வரைக்கும் இறங்கி நிற்கிறது. அதை நிறுத்தினோம். குடைமிளகாயைத் தானே வெட்டித் தருகிறேன் என்று உதவிக்கு வந்தார், ஒவ்வொரு துண்டையும் படகு மாதிரி குழியாக வெட்டியிருந்தார். அதையும் நிறுத்தினோம். கடைசியில் காரட், முள்ளங்கி, வெள்ளரி, மூன்றும் குச்சியாக மட்டும் என்று ஆனது. அப்பாவுக்குக் காரட்டைக் கடிக்கும் பழக்கம் வந்தது அப்போதுதான். அந்தக் கடக் கடக் சத்தத்தில் எனக்குப் படிக்கவே முடியவில்லை, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பலகை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கீழே இறங்கியது. கடைசி ஞாயிறு, தொப்பையின் நடுவில் வந்து நின்றது, அதற்குமேல் அசையவில்லை. மாதம் முடிந்துவிட்டது.

நேற்றுத்தான் சோதனை. அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லி அம்மா டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். உண்மையில் டிபனை ஒளித்து வைத்ததே அம்மாதான். லிஃப்டை நிறுத்தியிருந்ததால் எல்லா மாடியும் படியேறினோம், அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, இனி அம்மாவுக்கும் சேர்த்துத்தான் ஒரு டிப் கிண்ணம் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு முறைத்தார். மேலே மேற்பார்வையாளர் கைகட்டி நின்றிருந்தார், மாமா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அப்பா ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தார். கை போனது, தலை போனது, தோள் போனது. அப்புறம் நின்றுவிட்டது. நாங்கள் பார்த்தது அந்தக் கால்களை மட்டும்தான். மேற்பார்வையாளர் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல் கட்டு அவிழ்ந்துவிட்டது. அப்போது மாமாதான் கீழே இருந்து மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, மூச்ச அடக்கிட்டு இருக்கீங்க. விடுங்க."

அப்பா மூச்சை விட்டார். அது பெரிய மூச்சு, கீழே வரைக்கும் கேட்டது. ஒரு பொத்தான் தெறித்து ஏணியில் மோதி எங்கள் காலடியில் விழுந்தது. அடுத்த நொடி கால்கள் இல்லை, வெறும் சதுரம்தான் இருந்தது. மேலே இருந்து ஒரு சத்தமும் வராததால் மேற்பார்வையாளர், என்னய்யா, உள்ளே போய்ட்டியா என்று கேட்டார். அப்பாவின் குரல் வந்தது, மோட்டாரில் கிரீஸ் எல்லாம் காய்ந்து கிடக்கிறது, இத்தனை நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லையா, ஒரு பழைய துணி கொடுங்கள் என்று. மேற்பார்வையாளர் எழுதவே இல்லை, பேனாவைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு, துணி எடுத்துக் குடு என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று எழுதச் சொல்கிறார். பிறகு டிபனை மேலே அனுப்பலாமா என்று மாமா கேட்டதும் அம்மா பதறிப்போய் ஏணியடிக்கு ஓடி, மேலே பார்த்துக் கூப்பிட்டார்:

"ஏங்க, மேலயே சாப்பிட்டுடாதீங்க. இறங்கி வந்து சாப்பிடுங்க."

இதுதான் முழுச் செய்தி. இனி அம்மா உனக்குச் சொல்லும் புத்தி. நீ அனுப்பிய புகைப்படத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் உருண்டிருக்கிறது, சட்டை வயிற்றில் இழுக்கிறது, இன்ஜின் அறையில் நீயும் இடுக்கில் புகுந்துதான் வேலை செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதே என்கிறார். கரை சேரும் இடத்திலெல்லாம் வெள்ளரிக்காய் கிடைக்காமலா போகும், வாங்கிக் கழுவித் தின்னு. தயிர் கிடைத்தால் வடிகட்ட உன் கைக்குட்டையை எடுக்காதே, சுத்தமான துணி எடு. காது அடைக்கும் சத்தத்தில் வேலை செய்கிறாய், பஞ்சு வைத்துக்கொள். போன் பண்ணும்போது அப்பாவிடம் தொப்பையைப் பற்றிக் கேட்காதே, மோட்டாரைப் பற்றிக் கேள், அவர் பேசுவார். போகிற கடலெல்லாம் உனக்கு அமைதியாக இருக்கட்டும், உடம்பும் மனசும் லேசாக இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன் பக்கத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கட்டுப் போட்ட விரலோடு அவரே போட்ட கையெழுத்து, கோணலுக்கு நான் பொறுப்பில்லை)

எழுதியது: உன் தங்கை. இன்னும் ஒரு பக்கம் எழுத விஷயம் இருக்கிறது, ஆனால் அப்பாவுக்கு விடிந்ததும் மோட்டார் அறையில் வேலையாம். விளக்கை அணைத்துவிட்டார்.