பிரின்சிபால் அறை வாசலில் நீ சொன்னது

இன்று காலை ஓசூர் உழவர் சந்தையில் ஒரு அம்மா கொத்தமல்லிக் கட்டுகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார். ஈரமும் மண்ணும் கலந்த அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். கல்லூரியில் முதல் பீரியடுக்கு மூச்சிரைக்க ஓடி வந்து நீ என் பக்கத்தில் உட்காரும்போது உன் துப்பட்டாவில் இதே வாசனைதான் இருக்கும். "பஸ்ஸுல ஆளுங்களவிட கொத்தமல்லி மூட்டதான் டி அதிகம்" என்பாய்.

மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்த பெண், ஒரு கல்லூரியின் வழக்கத்தையே எப்படி மாற்றினாள்? நீ போன பிறகுதான் இதை நான் சரியாக யோசித்துப் பார்க்கிறேன்.

நான் மூக்கண்டப்பள்ளியில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். உன் ஊர் அஞ்செட்டியையும் தாண்டி மலைக்குள் இருந்தது. வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மேடையில் தடுமாறாமல் பேசுவேன் என்பதற்காக இரண்டாம் ஆண்டில் என்னை மாணவர் மன்றச் செயலாளர் ஆக்கினார்கள். நீ எந்தப் பொறுப்பிலும் இல்லை.

மன்றக் கூட்டம் எப்போதும் வகுப்புகள் முடிந்த பிறகுதான் நடக்கும். வருவதெல்லாம் டவுன் பிள்ளைகள். கலை விழாவுக்கு ஆள் போதவில்லை என்று நான் சொன்னபோது, தலைவராக இருந்த மூன்றாம் ஆண்டு அண்ணன் கையை உதறினார். "மலைப்பக்கத்துப் பசங்களுக்கு இதுலல்லாம் இன்ட்ரஸ்ட் கிடையாது. விடு."

மறுநாள் இதை உன்னிடம் சொன்னேன். ஏன் என்று கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் உனக்குக் கன்னடம்தான் வரும். "யாக்கே? அவங்களக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலை என்னைப் பேருந்து நிறுத்தத்துக்கு இழுத்துப்போனாய். நீ கேட்டாய், நான் சும்மா நின்றேன். சானமாவு பக்கத்துப் பையன் ஒருவன் சிரித்தான். "பொழுது சாஞ்சா யானை ரோட்டுக்கு வந்துரும்க்கா. வண்டிய வுட மாட்டாங்க. இதுல விழா எங்க பாக்கறது?" முதலாண்டுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "லேப் முடியறதுக்குள்ள கடைசி பஸ் போயிருது. லேப்ப வுட்டா அட்டெண்டன்ஸ் போயிருது. படிச்ச வரைக்கும் போதும், நின்னுக்கோங்கறாரு எங்கப்பா."

நீ அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "மீட்டிங்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வெச்சா என்ன?" என்றாய்.

வைத்தோம். வகுப்பறை நிரம்பிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டே எல்லாரும் பேசினார்கள். ஆனால் பேசியது விழாவைப் பற்றி அல்ல, லேபைப் பற்றி. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம கல்ச்சுரல்ஸ் பேசத்தானே கூடினோம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "முதல்ல லேப்பப் பேசிரலாம்ணா" என்றேன்.

"அப்ப நீயே தலைவரா இருந்துக்கோ" என்று அவர் எழுந்து கதவுவரை போய்விட்டார். கடைசி பெஞ்சிலிருந்து நீதான் கூப்பிட்டாய். "அண்ணா, போயிராதீங்க. நீங்க இல்லாட்டி எங்கள பிரின்சிபால் ரூமுக்குள்ளயே வுட மாட்டாங்க." அவர் நின்றார்.

அறை வாசலில் கூட்டமாகப் போய் நின்ற எங்களைப் பார்த்து, "யாரு உங்க லீடர்? ஒருத்தர் பேசுங்க" என்றார் பிரின்சிபால். அத்தனை பேரும் உன்னைத்தான் பார்த்தோம். நீ அந்த அண்ணன் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ சொன்னாய். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணா பேசுவாரு சார்" என்றாய்.

அவர் ஓரடி முன்னால் வந்தார். "சார், எங்களுக்கு ஒண்ணு புரியல. லேப் ஏன் சாயங்காலந்தான் இருக்கணும்?"

பிரின்சிபால் உள்ளே உட்கார்ந்திருந்த துறைத் தலைவரைப் பார்த்தார். அவர், "ரொம்ப நாளா அப்படித்தான் சார் நடக்குது" என்றார். வேறு காரணம் அவரிடம் இல்லை. கொஞ்ச நாளில் லேப் காலைக்கு மாறியது. விழாவும் பகலில் நடந்தது. அந்த முதலாண்டுப் பெண் கோலாட்டம் ஆடினாள், படிப்பையும் முடித்தாள்.

"ஏன்டி நீ பேசல?" என்று பிறகு கேட்டேன். "அவரு வெளிய நின்னா நாம பாதிதானே டி" என்றாய். காதில் என்ன சொன்னாய் என்பதை மட்டும் எத்தனை முறை கேட்டும் சிரித்தே மழுப்பிவிட்டாய்.

மஞ்சள் காமாலை முற்றி நீ போய்விட்டாய் என்று உன் தம்பி போன் செய்த அன்றுதான் முதல் முறையாக உன் ஊர் பஸ்ஸில் ஏறினேன். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காடு. வளைவு மேல் வளைவு. தினமும் இவ்வளவு தூரமா வந்தாய்? ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் குறைப்பட்டதில்லையே, ஏன்?

உன் வீட்டு வாசலில் அந்த அண்ணனும் நின்றிருந்தார். அன்று பிரின்சிபால் அறை வாசலில் நீ அவர் காதில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அன்னிக்கு என்ன பேசறதுன்னே தெரியல. அது அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. 'உங்களுக்குப் புரியாதத மட்டும் கேளுங்கண்ணா. புரிஞ்சதச் சொன்னா சண்டை வந்துரும்'னா."

இதை எங்கே கற்றாய்? மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்ந்ததாலா? யாராவது சொல்லித்தந்தார்களா, அல்லது அந்த வாசலில் அந்த நொடியில் தோன்றியதா?

இப்போது நான் ஒரு கம்பெனியில் லைன் லீடர். போன மாதம் ஷிப்ட் பஸ் நேரத்தை நிர்வாகம் மாற்றியபோது, என் லைனில் ஒருத்தி என்னிடமே முறைத்துக்கொண்டு நின்றாள். மேனேஜரிடம் பேச அவளைத்தான் அழைத்துப் போனேன். கதவருகில் அவள் தயங்கி நின்றாள். குனிந்து, நீ சொன்னதை அப்படியே அவள் காதில் சொன்னேன். உள்ளே போனாள், கேட்டாள். வெளியே வந்ததும், "இதெல்லாம் உங்களுக்கு யாருக்கா சொல்லிக்குடுத்தது?" என்றாள்.

உன் பெயரைச் சொன்னேன்.